அறை எண் பதினான்கு, மூச்சுப் பரிசோதனை

எங்கள் வேலூரில் உஸ்தாத் என்றால்
கியர் பெட்டிக்குள் தலையை விட்டிருப்பவர்.
அண்டா மூடிமேல் தணலைப் பரப்பிவிட்டு
தம் பிடித்ததா என்று காது வைத்துக் கேட்பவர்.
மதரசாவில் ஓதிக் கொடுப்பவர்.
அதே சொல் தமிழுக்குள் வந்து கொஞ்சம் உடம்பு போட்டால்
வஸ்தாது.
தொடை தட்டும், மீசை வைக்கும்.

ஆகவே லாரி மெக்கானிக் துளசிங்கம்
குலாம் தஸ்தகீரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து
"உஸ்தாத்துக்கு மூச்சு வாங்குதும்மா" என்றபோது
"எந்த ஷெட்டு, கொணவட்டமா?" என்று கேட்டுவிட்டேன்.
விரல்களைப் பார்த்திருக்கலாம்.
கிரீஸ் இல்லை.
வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு காய்ப்பு,
கிளாரினெட்டை நாற்பது வருஷம் தாங்கிய இடம்.

என் வேலை சின்னது.
மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழல்.
"நல்லா இழுங்க. பட்டுனு ஊதுங்க.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க!"
நாளுக்கு முப்பது பேரிடம் கத்திக் கத்தி
என் தொண்டையே போயிற்று.

ஊதினார்.
திரையில் கோடு எழும்பவே இல்லை.
மெல்லப் புறப்பட்டு
மணலுக்கடியில் போகும் பாலாறு மாதிரி
தரையோடு தரையாக
பதினேழு நொடி.
ஆறு போதும் என்றுதான் சொல்லியிருந்தேன்.
மெஷின் சொன்னது: முயற்சி போதாது.

இரண்டாம் தடவையும் அதே பாலாறு.
மூன்றாவதுக்கு முன் எரிச்சலில்
"அடுப்பு ஊதுற மாதிரி ஊதுங்க பாய், பலமா!"
குழலை வாயிலிருந்து எடுத்தார்.
"அப்பிடி ஊதறத வுடறதுக்கே
எனுக்குப் பதினோரு வருஷம் ஆச்சும்மா."

அதையும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.
நாலு படி ஏறினால் உட்காரணுமாம்.

தொழில் என்ற கட்டம் காலியாக இருந்தது.
"உஸ்தாத்னு போடட்டுமா?"
"சேச்சே. அத்த நாம சொல்லிக்கக் கூடாது,
அது அடுத்தவன் வாயில இருக்கற வார்த்த."
"அப்ப இன்னா போடறது?"
"ஊதறாருன்னு போடு."

போட்டேன்: ஊதுகிறார்.
அதற்குக் கீழேயே, சிவப்பு மையில்:
சரியாக ஊதவில்லை. மறுபடி வியாழக்கிழமை.

கதவு குறுகல்.
"நீங்க முன்னாடி, உஸ்தாத்" என்றார் துளசிங்கம்.
"நீ போ உஸ்தாத், லிஃப்ட்டு எங்கன்னு
உனுக்குத்தான் தெரியும்" என்றார் தஸ்தகீர்.
வெளியே டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு,
பேரணாம்பட்டு பீடிக்காரர்,
யார் உஸ்தாத் என்று தெரியாமல்
இருமிக்கொண்டே
இரண்டு பேருக்கும் எழுந்து நின்றார்.