மூன்று மில்லிமீட்டர்

குத்தாயிசியில் விடாத மழை.
"நோயில்லாத பிள்ளைகள் தேவை" என்ற தாளைப் படித்து
வந்தவள் தேக்லே, வயது ஏழு.
கூலி ஒரு பெட்டி வண்ணப் பென்சில்.

ஜெல் பட்டதும் சிரித்தாள்;
திரையே குலுங்கியது.

சிறுநீர்ப்பைக்குப் பின்னே
நகக்கீறல் அளவு கறுப்பு.
நீர்.

நான் பேசாமல் அளந்த நொடியில்
அவள் அம்மா வயிற்றில் புளி கரைந்தது.
அதைக் காட்டும் கருவி என்னிடம் இல்லை.

"எல்லாருக்கும் இருக்கும்" என்று சொல்ல வந்து
நிறுத்தினேன். எல்லாருக்கும் இல்லை.
இதுவரை நாற்பத்தொரு பேரில் பதினாறு.
ஓடுகிறார்கள், உண்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள்.

நாளை சைக்கிளிலிருந்து விழுந்து ஒருவன் வருவான்.
அவனுக்குள்ளும் இதே கீற்று இருந்தால்
கத்தியைத் தொடுமுன்
இவளை நினைக்க வேண்டும்.

தேக்லே கழுத்தை நீட்டினாள்.
"அதுல மீன் இருக்கா?"

இன்னொரு முறை பார்த்தேன்.