பிழை ஆரம்

தாள் எண் நாலாயிரத்துப் பதினேழு.
காசித்தும்பை. பூவின் ஊதா பழுப்பாகிவிட்டது,
மை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது:
"கோடையிலிருந்து பூம்பாறை போகும் வழி,
நாலாம் மைல், ஓடை தாண்டி,
கோவேறு கழுதை விழுந்த இடத்துக்கு மேலே.
மே 1911."

கோடை என்றால் எங்கிருந்து?
ஏரிக்கரையா, தபாலாபீசா,
சாமியார் காலையில் பூட்ஸ் மாட்டிய படிக்கட்டா?
மைல் எந்தக் கல்லில் பூஜ்யம் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
நாலு மைலுக்குள் ஓடை ஏழு,
மழை பெய்தால் பதினொன்று.
"கழுதைக்கென்று கட்டம் இல்லையே" என்கிறாள் ஜெசிந்தா,
"குறிப்புகளில் போடு."

ஓரத்தில் பென்சிலில் 6,900 அடி.
சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு திரையில் நடக்கிறேன்.
கோடு சோலைக்குள் நுழைந்து
யூகலிப்டஸ் வழியாக வெளியே வந்து
ஒரு காட்டேஜின் கார் ஷெட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது.

மென்பொருள் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் தருகிறது.
ஆறாவது இலக்கம் அரைச்சாண் நிலம்.
அரைச்சாணுக்குச் சத்தியம் செய்ய
எனக்கென்ன, கழுதையைத் தெரியுமா?
மூன்றோடு நிறுத்துகிறேன்.
அதுவே கொஞ்சம் திமிர்.

பிழை ஆரம்: 3,200 மீட்டர்.
வட்டம் விழுகிறது வரைபடத்தில்.
உள்ளே கேரட் வயல், செக்போஸ்ட்,
இரண்டு சர்ச், பேருந்து திரும்பும் மேடு,
விளிம்பில், நாயுடுபுரத்தில், என் வாடகை அறை.
தினமும் பிழைக்குள்ளேதான் பல் துலக்குகிறேன்.

போன மே மாதம், மூடுபனி,
ஒரு வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி
முழங்காலோடு சாக்கடையில் கிடந்தேன்.
கண்ணுக்கு நேரே ஏதோ தும்பை.
நிறம் பார்க்கவில்லை.
மெக்கானிக் சிக்கந்தருக்கு போனில் சொன்னேன்:
"பூம்பாறை ரோடு, சின்னப் பாலம் தாண்டி,
போன வருஷம் லாரி கவிழ்ந்ததே, அதுக்கு மேலே."
இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்.
அட்சரேகை கேட்கவில்லை.

சாமியாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்,
கழுதை விழுந்தபோது கூட இருந்த யாருக்கோ.
அந்த யாரோ நான் இல்லை.
கழுதை பிழைத்ததா என்றும் தாளில் இல்லை.

சேமித்துவிட்டு அடுத்ததைத் திறக்கிறேன்.
நாலாயிரத்துப் பதினெட்டு.
பெரணி. அதே கறுப்பு மை.
"மேற்படி இடம்."