மூக்கடைப்பு

முத்துக்கடையில் நான் ஏறியதும்
ஜன்னல்கள் திறந்துகொள்ளும்.
எத்தனை நெரிசலிலும்
என் பக்கத்து சீட்டு காலி.
தோல் ஷாப்பு வாடை.
மூன்று தரம் சோப்பு போட்டாலும்
நகக்கண்ணில் சுண்ணாம்பு நிற்கும்.
டிபன்பாக்ஸை உட்காரவைப்பேன்,
அதற்கும் கால் வலிக்கும்தானே.

நேற்று ஆற்காட்டில் ஏறிய அம்மாள்
சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.
ஒரு வாரமாய் ஜலதோஷமாம்,
காபி மணம்கூடத் தெரியலையாம்.
வேகவைத்த மல்லாட்டை
ஒரு கை அள்ளித் தந்தார்.
எந்த ஊரு என்றார்.
சொன்னேன்.
ஊர்ல எங்க,
ரோட்டுக்கு இந்தாண்டையா அந்தாண்டையா?

சொன்னேன்.

ரத்தினகிரி வருவதற்குள்
அவருக்கு மூக்கு திறந்துவிட்டது.

வேலூர் வரை
கம்பியைப் பிடித்தபடி
நின்றே வந்தார், பாவம்,
முட்டி வலிக்காரர் போல.

என் உள்ளங்கையில்
இளஞ்சூடாய் மல்லாட்டை.
ஒவ்வொன்றாய் உரித்துத் தின்றேன்.
உப்பு
சரியாகத்தான் இருந்தது.