அரைப்பேர்

ஹட்டனில், சலூனுக்கு மேல்மாடி அறை.
கீழே கத்தரிக்கோல். மேலே நாங்கள் மூவர்.
நாலாவது ஆள் இன்னும் வரவில்லை,
ஆனால் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள்.

எண்பத்தாறில் எங்களுக்குப் பெயர் ‘லோவர் டிவிஷன்’.
ரெஜினோல்டின் அக்காள் சங்கிலி
அடகுக்கடைக்குள் போய்
கீபோர்டாகத் திரும்பி வந்தது.
மருதவீரனுக்குத் தாளப்பெட்டி. பதினாறு பொத்தான்,
அதில் ஏழாவது மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.
கரண்ட் போனால் மேசையில் தட்டுவான்.
ஆடிய ஆட்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று
இன்றைக்கும் அவனுக்குக் கோபம்.

இப்போது மூன்று பேருக்கும் சேர்த்து
நூற்றெண்பத்தொரு வயது.
ரெஜினோல்டின் மகனுடைய மடிக்கணினி.
ஒரு பிஸ்கட் டின் நிறையக் கசெட், பாதியில் பூஞ்சணம்.

புதிதாக எதையும் வாசிப்பதில்லை என்று முடிவு.
இருப்பதை வெட்டுவோம், ஒட்டுவோம்:
ஆலைச் சங்கின் கடைசி வால்,
மடுவத்தில் நிறுக்கிறவரின் “பதினேழு... பதினேழு...”
தகரத்தில் விழுந்த ஓர் ஆனி மழை,
பதுளைக் கோச்சி வளைவில் போட்ட கீச்சு,
ராத்திரி ரேடியோவில்
இரண்டு நிலையங்களுக்கு நடுவே
யாருக்கும் சொந்தமில்லாத இரைச்சல்.

அப்புறம் பிலோமினா.
இருபத்திரண்டு வயது. நாலே நொடி.
“பனி வெலகல, நீ வெலகுற.”
அதை அறுபத்துநாலு முறை சுற்ற விட்டேன்,
கொழுந்து அரைக்கிற உருளை மாதிரி
நிற்காமல், சிந்தாமல்.
மருதவீரன் கண்ணை மூடிக்கொண்டான்.
நான் அழுதேன் என்கிறான் ரெஜினோல்ட். சளி.

இரண்டு மணிக்கு ஏறி வந்தாள்,
முழங்காலைத் திட்டிக்கொண்டே, பத்தொன்பது படி.
குவைத்தில் பதினான்கு வருடம்,
பிறகு கொட்டகலையில் துணிக்கடை.
குரல் நாலு கட்டை இறங்கியிருந்தது.
“பாட மாட்டேன், அந்தப் புள்ளயே பாடட்டும்” என்று
முதலிலேயே சொல்லிவிட்டு
ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கேட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை.
இருபதாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்தாள்.
பயந்துபோய் நிறுத்தினேன்.

“இவ எப்ப மூச்சு வுடுவா?”

வெட்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூச்சு தொடங்குகிற ஓரத்தில்
சுத்தமாக நறுக்கியிருந்தேன்,
தாளத்துக்கு இடைஞ்சல் என்று.

“காலைல பெரட்டுக்கு நின்னு
அந்தி வரைக்கும் மலையில கெடந்தாலும்
கிலோ பத்தலன்னா அரைப்பேர் போடுவான் கணக்கப்பிள்ள.
நீயும் அதத்தான் செஞ்சிருக்க.
பாட்டுக்குப் பேர் போட்ட. மூச்சுக்குப் போடல.”

திரும்பச் சேர்த்தேன்.
ஒரு நொடியும் கொஞ்சமும் கூடிவிட்டது.
தாளப்பெட்டி நொண்டியது. மருதவீரன் பல்லைக் கடித்தான்.
பிறகு அவனும் கூடவே நொண்டிப் பார்த்தான்,
அந்த ஏழாவது பொத்தானை வைத்து.
நடந்தது. ஆடுகிறவர்களுக்குக் கஷ்டம்தான்.
ஆடுகிறவர்களுக்கும் இப்போது அறுபது.

மூச்சுக்குப் பின்னாலும் கசெட் ஓடியது.
முப்பத்தெட்டு வருடத்தில்
அந்த இடம் வரை நாங்கள் கேட்டதேயில்லை.
வரி முடிந்ததும் நிறுத்திவிடுவோம்.

மைக்கிலிருந்து தள்ளி, சின்னதாக:
“தண்ணி இருக்கா?”

ஒரு நாற்காலி இழுபடுகிறது.
நான் ஏதோ சொல்கிறேன், ரெஜினோல்ட் சிரிக்கிறான்,
இன்னும் நன்றாகச் சிரிக்கிறான்,
டேப் முடிகிறது.

“குடுக்கல,” என்றாள் பிலோமினா,
ஹெட்போனைக் கழற்றாமலே.

அறையில் கொஞ்ச நேரம் கத்தரிக்கோல் மட்டும்.
பிறகு ரெஜினோல்ட் கேத்தலை எடுத்துக்கொண்டு
சலூன் குழாயடிக்கு இறங்கினான்.
பத்தொன்பது படி. செருப்பு எண்ணிக்கொண்டே போனது.
அதையும் பதிந்துகொண்டேன்,
அவன் திரும்பி ஏறி வந்து
இளைத்த இளைப்பு வரைக்கும்.