வெற்று எடை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு நூறடி முன்னால்
எடைமேடையில் ஒன்பது வருஷம் சீட்டு எழுதியவள் நான்.
சிமெண்ட், தேங்காய், பொள்ளாச்சிச் சந்தை மாடுகள்,
ஓணத்துக்கு முந்தின வாரம் முழுக்க வாழைத்தார்.
நிறை எடையில் வெற்று எடையைக் கழித்தால்
மிச்சம் சரக்கு.

சித்தூர் தாலுக்கா ஆஸ்பத்திரியில்
முதல் நாள் அவள் இரண்டு கிலோ அறுநூற்றுப் பத்து.
மூன்றாம் நாள் இரண்டு நானூறு.
லாரியாக இருந்திருந்தால்
வழியில் எங்கே இறக்கினாய் என்று கேட்டிருப்பேன்.

காம்பை மட்டும் கவ்வுவாள், கடிப்பாள், விட்டுவிட்டுக்
கத்துவாள்.
வெடிப்பில் கசிந்தது அவள் உதட்டில் சிவப்பாக ஒட்டியிருந்தது.
நாத்தனார் பால்பவுடர் டின்னை
ஜன்னலில் வைத்துவிட்டுச் சொன்னாள்:
"உனக்குப் பத்தலை கோகிலவாணி."
இரண்டாம் ராத்திரி பாலாடையில் ஊற்றினோம்.
மறைக்க ஒன்றுமில்லை, குடித்தாள், தூங்கினாள்.
நான்தான் தூங்கவில்லை.

நைட் டூட்டி லிஞ்சு என்னைவிட ஏழு வயசு சின்னவள்,
கல்யாணமாகாதவள், நெம்மாறைக்காரி.
வார்டுக்கே கேட்கும்படி,
"சேச்சி, மொல எடுக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது.
பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் உண்டு,
தமிழ் டீச்சர் வேகமாகத் தாண்டிப்போன
செய்யுளில் ஒரு வரியில் உண்டு.
எங்களுக்கு 'மார்பு', 'நெஞ்சு',
ரொம்ப முடியாவிட்டால் 'மேல வலிக்குது.'
இவள் முழங்கையைச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

"பாலு போரான்னு ஆரு பறஞ்ஞு?"
போரா என்றால் அவர்களுக்குப் பத்தாது.
எனக்குத் தெரியும், இரண்டு பாஷைக்கும் சீட்டு எழுதியவள்தானே.
ஆனால் அந்த அரைத்தூக்கத்தில்
'போறா' என்றுதான் கேட்டது,
அவள் போறா, கிராம் கிராமாகப் போறா,
என்று யாரோ வாசலில் நின்று சொல்வதுபோல.
விழுந்தடித்து எழுந்து உட்கார்ந்தேன்.

குனியாதே, என்றாள். சாய்ந்து உட்கார்.
பிள்ளையை முலைக்குக் கொண்டு வா,
முலையைப் பிள்ளைக்குக் கொண்டு போகாதே.
சிரித்துவிட்டேன், தையல் வலித்தது.
லாரிதான் மேடைக்கு வரணும்,
மேடை லாரிகிட்டப் போகாது என்று
எத்தனை டிரைவரிடம் கத்தியிருக்கிறேன்.

மூக்குக்கு நேரே காம்பு. காத்திரு.
இன்னும் காத்திரு.
கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும்போது
முகவாய் முதலில், கருவட்டம் முழுக்க உள்ளே.
தப்பியது. மறுபடி தப்பியது.
லிஞ்சு போன் பேசிவிட்டு வந்தாள், அப்போதும் தப்பியது.
எத்தனாவது தடவை என்று தெரியாது,
வலி நின்றுவிட்டது.
கடிவாயாக இருந்தது ஆழமான ஒரு இழுப்பாகி
அடிவயிறு சுருங்கி, பிறகு அந்தச் சத்தம்:
க்கு. இடைவெளி. க்கு.
இருட்டில் கிணற்றில் கல் விழுகிற அளவு சத்தம்.

நாலாம் நாள் விடியலில் இரண்டும் கல்லாகிக் காய்ந்தன.
பக்கத்துக் கட்டில் பிள்ளை அழுதாலும் எனக்கு நனைந்தது.
கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்த பிறகு
ரோட்டில் லாரி ஹாரனுக்குக்கூட.

எவ்வளவு குடித்தாள் என்று கேட்காதீர்கள்.
நிறையும் இல்லை, வெற்றும் இல்லை இந்த மேடையில்,
முள்ளே கிடையாது.
நாளுக்கு ஆறு ஈரத்துணி, கொடியில் காய்கிறது,
அதுதான் சீட்டு.

பதினோராம் நாள் அங்கன்வாடித் தராசில்
இரண்டு அறுநூற்று இருபது.
பிறந்ததைவிடப் பத்து கிராம் கூட.
எங்கள் மேடையில் பத்து கிராம் தூசு,
துடைத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவோம்.
நான் அந்த அட்டையை மூன்று தரம் படித்தேன்.

டின் இன்னும் அலமாரியில் இருக்கிறது, மேல்தட்டில்.
தேவைப்பட்டால் எடுக்கலாம்.

ராத்திரி ரெண்டு மணி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
கதவை ஆட்டிக்கொண்டிருக்கிறது.
"அவளைத் தூக்கிக் குடுங்க," என்றேன் அவரிடம்,
"வலது முலை கனக்குது."

அவர் முதலில் கதவைப் பார்த்தார்,
யாராவது கேட்டார்களா என்று.
பிறகு பிள்ளையைத் தூக்கினார்.