இருபத்துநான்காவது

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள்
மேட்டுப்பாளையத்திலிருந்து பாஷா வந்தார்.
"நாதன் அண்ணன் போனதுமே வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்"
என்றவர் கையில் காந்தம்.

ஷெட்டுக்குள் அவரை விட்டுவிட்டு
நான் கதவோரம் நின்றுகொண்டேன்.
முப்பத்தோரு வருஷமும் நின்ற இடம் அதுதான்,
டீ டம்ளரை நீட்டும் தூரம்.

இருபத்துமூன்று.
ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும், வேறு கணக்கில்.
பச்சை லிஸ்டர் என் இரண்டு வளையல்.
ஒற்றைச் சிலிண்டர் ரஸ்டன்
உறைபனியில் கருகியது போக மிஞ்சிய கேரட்.
மூடிய எஸ்டேட்டில் ஏலம் எடுத்த தேயிலை ரோலர்
பிரதீபனின் முதல் செமஸ்டர்.
வாடல் விசிறி மட்டும் இனாம்.
அதை ஏற்றிவந்த ஜீப்பின் ஆக்சில் முறிந்தது
இனாமில் சேராது.

"போட்டோ எடுத்து அனுப்பும்மா, மியூசியம் ஏதாவது கேக்கும்"
என்றான் பெங்களூரிலிருந்து பிரதீபன்.
ஒருவர் வந்தார், தொப்பியோடு, பெரிய காரில்.
பித்தளைப் பெயர்த் தகடுகள் மட்டும் போதுமாம்,
ஹால் சுவரில் மாட்ட.
அந்த இரும்பின்மேல் எனக்கொன்றும் பாசமில்லை.
இருந்தாலும், கழற்ற ஸ்க்ரூ டிரைவர் இல்லையே என்றேன்.
ஷெட்டில் எழுபது ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நட்டு, போல்ட், வாஷர்.
எதன்மேலும் எழுத்தில்லை.
எந்த நட்டு எந்த எஞ்சினுக்கு என்பது
ஒரே ஒரு மண்டைக்குள் இருந்தது,
அதைக் கோத்தகிரிக் கல்லறைத் தோட்டத்தில்
வைத்து மூடியாயிற்று.
பாஷா எல்லாப் பாட்டிலையும் ஒரே சாக்கில் கொட்டினார்.
அந்தச் சத்தத்துக்குத்தான்
நான் வீட்டுக்குள் போனேன்.

லாரி இரண்டு நடை.
குஞ்சப்பனை தாண்டிக் கீழே எடைமேடையில்
ஒன்பது டன் நானூறு கிலோ.

காலித் தரையில் எண்ணெய் வட்டங்கள்.
சோப்புத்தூள் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன்.
காளான் வளர்க்கலாம், வாடகைக்கு விடலாம்
என்றான் பிரதீபன்.

ஐப்பசியில் ஆறு நாள் மழை.
ஏழாம் இரவு பின்சுவர் உள்ளே நடந்து வந்தது.
விடிந்து பார்த்தால் பாதி ஷெட்டில் மலை.
தாலுகா ஆபீஸ் பையன் மண்ணைப் பார்த்தான்,
தேய்த்தும் போகாத வட்டங்களைப் பார்த்தான்.
"இங்க கனமா ஏதாச்சும் இருந்துச்சாக்கா?"
ஒன்பது டன் நானூறு என்றேன்.
"அதுதான் சுவரைப் புடிச்சிட்டு இருந்திருக்கு."

மூன்றாம் நாள்
மண் வாரியவர்களின் மண்வெட்டி டங்கென்றது.
தார்ப்பாய். அதற்குள் சாக்கு. அதற்குள்
விரல் தடிமனுக்குக் கிரீஸ் பூசிய
சின்ன எஞ்சின் ஒன்று.
பெட்ரோல் டேங்கில் கட்டிய பிளாஸ்டிக் உறையில் ரசீது.
பதினோராயிரம்.
தேதி, கண் டாக்டரைப் பார்க்கக்
கோயம்புத்தூர் போன நாள்.
பவர் ஒன்னும் கூடலையாம், பழைய கண்ணாடியே போதுமாம்
என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாரே,
அன்றைக்கு.

சுவருக்குப் பின்னால் எப்போது குழி வெட்டினார்?
கர்ப்பப்பை எடுக்க நான் ஆஸ்பத்திரியில் கிடந்த
அந்த ஐந்து நாளிலா?
இருபத்துமூன்று வரைக்கும் வாய் திறக்காதவள்
இதற்கு மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?
சொல்லியிருப்பேன்தான்.
சிரிப்பு வந்துவிட்டது, ஆட்களுக்கு முன்னால்.
கோபம் ராத்திரிதான் வந்தது.
இன்னும் போகவில்லை.

பாஷா போன் பண்ணினார்.
கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறியிருக்கிறதாம்,
மிச்சம் மீதி ஏதாவது கிடக்கிறதா?
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சக்கரத்தைத் திருப்பினேன், அசையவில்லை.
பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில்
மண்ணெண்ணெய் ஊற்றி
ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும்.
கதவோரம் நின்றே இவ்வளவு படித்திருக்கிறேன்.

இன்றைக்கு நாலாவது நாள்.
ஸ்பானர்தான்
பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டியதாயிற்று.