ஜில்

பெயரில் மட்டும்தான்.
தோ-ஆஷூ கணவாயில் பாதி ஏறியதும்
லாரி கொதிக்கும், இருமும், பேச்சை நிறுத்திவிடும்.

“பெட்ரோல் ஆவியாகுது” என்றான் சகின்பாய்,
மூன்று கோடையாய் அதையே சொல்பவன்.

பெர்மெத் சுமையிலிருந்து ஒரு தர்பூசணியை
பம்பரில் மோதிப் பிளந்தாள்.
ஒரு பாதியை பெட்ரோல் பம்பின் மேல் கவிழ்த்தாள்.
சாவி. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது.
பிளக் வயரை இரும்பருகே பிடித்துப் பார்த்தாள்:
பொறி இல்லை.

மறுபாதியை, தோல்புறம் படும்படி,
தலைத்துணியால் காயிலோடு கட்டினாள்.
ஓர் ஆட்டு மந்தை
வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு
கடந்து முடிக்கும் நேரம்.

பிறகு நீலமாய்ப் பொறி.
எஞ்சின் எழுந்தது.

மாற்றிப்போட்ட இரண்டு பம்பு, ஒரு கார்புரேட்டர்,
விற்ற பெட்டைக்குதிரை.
பெட்ரோல் வாடையடித்த அந்த முதல் பாதியை
சகின்பாய் தின்று தீர்த்தான்,
விதையைக்கூடத் துப்பாமல்.